இசைத்தட்டுக்கு வைத்த சந்தனம்

எங்கள் வீட்டில் அக்காவின் போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. போட்டோ எடுத்தால் ஆயுசு குறைந்துவிடும் என்று அம்மா கடைசிவரை எடுக்க விடவில்லை. ஆயுசு இருந்த லட்சணம் எங்களுக்குத்தான் தெரியும். அக்காவென்று மிஞ்சியது ஒரே ஒரு இசைத்தட்டு.

யுத்தத்துக்கு முந்தைய ஒரு நவராத்திரி. மீனாட்சியம்மன் கோயில் ஆடி வீதியில் பந்தல் போட்டுக் கச்சேரி வைத்திருந்தார்கள். அன்றைக்குப் பாட வேண்டியவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அக்காவின் பாட்டு வாத்தியார் துணிந்து அவளை மேடையில் ஏற்றிவிட்டார். மைக் எல்லாம் கிடையாது. ஆனாலும் அவள் குரல் பந்தலைத் தாண்டிப் போயிற்று. குடும்பப் பெண் ஊர் பார்க்க உட்கார்ந்து பாடுவதாவது என்று பெரியப்பா வீட்டார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அதே கூட்டத்தில் இருந்த ஒரு கிராமபோன் கம்பெனி ஏஜெண்டு மறுநாள் அப்பாவின் பித்தளைப் பாத்திரக் கடையைத் தேடி வந்தார். அப்பா அவளை மெட்ராசுக்கு அழைத்துப்போய்ப் பதிவு செய்துகொண்டு வந்தார். தட்டு வந்த அன்று கிராமபோனைத் தெருவைப் பார்க்க வைத்துச் சாவி கொடுத்தார். பெரியப்பா வீட்டாரும் வந்து நின்று, இன்னொரு தரம் போடச் சொல்லிக் கேட்டார்கள். வெட்கம் என்பது அவர்களுக்கு எப்போதும் கொஞ்சம் குறைச்சல்தான்.

பிறகு அக்காவைச் சோழவந்தானில் கட்டிக்கொடுத்தார்கள். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த வசதியான குடும்பம். அந்த வீட்டில் பாட்டுக்கு மட்டும் இடமில்லை. தலைப்பிரசவத்துக்கு எங்களிடம் வந்தவள் திரும்பிப் போகவில்லை. பிள்ளையும் தங்கவில்லை.

கருமாதி முடிந்த பின், கடையிலிருந்து வந்ததும் அப்பா தினமும் அந்தத் தட்டைப் போடுவார். கண்ணை மூடிக்கொண்டு ராகத்தைக் கேட்பார். அம்மாவுக்கு ராகம் தெரியாது. அடுப்படியில் வேலையாக இருந்துவிட்டு, பாட்டு முடியப்போகும்போது கூடத்துக்கு வந்து நிற்பாள். பாட்டு முடிந்த பிறகு, ஊசி நடுவுக்குப் போகும் முன்னால், கிண்ணென்று ஒரு சின்னச் சத்தம் வரும். தம்பூராவிலிருந்து கையை எடுக்கும்போது அக்காவின் வளையல் இடித்த சத்தம். கம்பெனிக்காரர்கள் கவனிக்காமல் விட்டது. அம்மா அதற்காகத்தான் வருவாள்.

"அந்தா, எந்திரிக்கிறா" என்பாள்.

அடுத்த சரஸ்வதி பூசை வந்தது. கடைத் தராசு, என் பாடப் புத்தகங்கள், அக்காவின் தம்பூரா எல்லாவற்றுக்கும் அம்மா சந்தனமும் குங்குமமும் வைத்தாள். தராசுக்கே வைக்கிறவள் மகளின் பாட்டுக்கு வைக்காமல் இருப்பாளா? தட்டை வாழையிலையில் கிடத்தி, ஓரத்தைச் சுற்றிப் பொட்டு வைத்தாள். பூசையில் வைத்ததை மறுநாள் வரை தொடக்கூடாது. அதற்குள் சந்தனம் வரிகளுக்குள் புகுந்து காய்ந்து இறுகிவிட்டது. விஜயதசமியன்று அப்பா குளித்துவிட்டு வருவதற்குள் துடைத்து வைத்துவிட வேண்டும் என்று அவளுக்கு அவசரம். நடுவில் ஒட்டியிருந்த காகிதம் நனையாமல், ஓரத்தை மட்டும் வெந்நீரில் விட்டுத் திருப்பித் திருப்பிக் கழுவினாள். கல் மாதிரிக் கனத்த சாமான், அதுவும் அரக்குத்தான், சூட்டுக்கு இளகிவிடும் என்று எங்களில் யாருக்குத் தோன்றியது? எடுத்துப் பார்த்தபோது ஓரம் பொரித்த அப்பளம் போல நெளிந்திருந்தது.

அப்பா போட்டுப் பார்த்தார். ஊசி ஏறி ஏறி விழுந்தது. அக்காவின் குரல் கேட்கச் சகிக்கவில்லை.

"அவள ரெண்டாந்தரமும் தூக்கிக் குடுத்திட்டியேடி" என்றார்.

அம்மா ஈரக்கையோடு அப்படியே நின்றாள். அந்தச் சொல்லுக்காக வெகுநாள் நான் அப்பாவிடம் முகங்கொடுத்துப் பேசவில்லை. அவர் வேறொரு தட்டு கேட்டு மெட்ராசுக்கு ஆளனுப்பினார். விற்காமல் கிடந்தவற்றை உருக்கி வேறு யாருடைய பாட்டையோ பதித்தாயிற்று என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். அத்தோடு அப்பா கச்சேரிக்குப் போவதை விட்டார். கோயில் பக்கமிருந்து மேளச் சத்தம் வந்தால் கடைக்கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொள்வார்.

நெளிந்தது ஓரம்தான், நடுப்பக்கம் பிழைத்திருக்கிறது என்பதை அம்மாதான் கண்டுபிடித்தாள். அப்பா கடையில் இருக்கும் மத்தியான வேளையில், ஊசியை உள்வரிகளில் இறக்கி, பாட்டின் கடைசி அடியையும் அந்த வளையலையும் கேட்பாள். தினமும் கேட்பாள். ஊசி இரும்பு, தட்டு அரக்கு. ஒரே இடத்தில் உரசிக்கொண்டே இருந்தால் எத்தனை காலம் தாங்கும்? முதலில் குரல் மங்கியது. பிறகு வளையலும் போய், வெறும் கரகரப்பு மட்டும் நின்றது. அவளிடம் அதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஒருநாள் அப்பா தலைவலி என்று மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார். தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. அம்மா பதறிப்போய் நிறுத்தக் கை நீட்டினாள். அப்பா வேண்டாம் என்று கையமர்த்திவிட்டு அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். கரகரவென்று ஓடி ஊசி நடுவுக்குப் போயிற்று.

"அந்தா, எந்திரிக்கிறா. கேட்டுச்சா?" என்றாள் அம்மா.

சுருதி இம்மி விலகினாலும் முகம் சுளிக்கிறவர் அப்பா. அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டுச்சு," என்றார். "இன்னொருக்கா வையி."

அம்மா சாவி கொடுத்தாள்.