இரண்டு விரல்களுக்காக மலாக்காவில் தங்கினேன்

1957 ஜூலை மாதம், ஒரு வியாழக்கிழமை, காலை ஆறு மணி. மூவார் ஆற்றைப் படகில் கடந்து அக்கரையில் சைக்கிளை இறக்கினேன். வருகிற ஆகஸ்டு முப்பத்தொன்றில் மலாயா சுதந்திர நாடாகிறது. அதற்குள் பினாங்கு வரை சைக்கிளிலேயே போய் இந்த நாட்டை ஒருமுறை கண்ணாரப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. மூவாரில் தையற்கடையில் குனிந்து குனிந்து, ஊரார் சட்டைக்குப் பொத்தான் வைத்தே முக்கால்வாசி இளமையைக் கழித்தவன் நான். வழியில் தோட்டங்களில் தங்கி, கிழிந்ததைத் தைத்துக் கொடுத்து வயிற்றைப் பார்த்துக்கொள்ளலாம் என்ற தைரியத்தில் கிளம்பிவிட்டேன்.

படகில் என் பக்கத்தில் நின்ற மலாய்க்காரர் மூட்டைகளை ஏற இறங்கப் பார்த்தார். "ஊர் பார்க்கப் போகிறேன்" என்றேன். "பஸ்ஸிலும் ஜன்னல் வைத்திருக்கிறார்களே" என்றார். நல்ல வாய். பயணத்தில் நான் சேர்த்து வைப்பது இப்படி நாலு பேர் சொன்ன பேச்சைத்தான். சாமான் சேர்த்தால் சுமக்க வேண்டும், பேச்சுக்குக் கனமில்லை.

மூவாரிலிருந்து மலாக்கா இருபத்தெட்டு மைல். பத்து மைலுக்குள்ளேயே பின் கேரியரின் ஸ்பிரிங் தெறித்துவிட்டது. பாயையும் துணிமூட்டையையும் கத்திரி, இஸ்திரிப் பெட்டி வைத்த பையையும் ஹேண்டில் பாரில் தொங்கவிட்டுக்கொண்டு மிதித்தேன். பாரம் முன்னால், என் உடம்பும் முன்னால். ரோட்டின் ஒவ்வொரு குழியும் நேராக உள்ளங்கையில் வந்து குத்தியது. மெர்லிமாவ் தாண்டும்போது வலது கையின் சுண்டு விரலும் மோதிர விரலும் எறும்பு ஊர்வதுபோல் இருந்தன. மலாக்காவுக்குள் நுழையும்போது எறும்பும் இல்லை, விரலும் இல்லை. தொட்டால் யாரோ ஒருவர் விரலைத் தொடுவதுபோல் இருந்தது.

பகல் ஒரு மணி. ஜாலான் துக்காங் எமாஸில் காதர் பாயின் கடை. பிள்ளையார் கோயில் மணியும் பள்ளிவாசல் பாங்கும் ஒரே காதில் விழுகிற தெரு அது. பாய் நூல், பொத்தான், துணி வியாபாரி. என் கடைக்கு வருஷக்கணக்காகச் சரக்கு அனுப்புகிறவர். காப்பி வரவழைத்தார். கிளாஸை வாங்கினேன், அது என் கையில் நிற்காமல் மேஜைமேல் கவிழ்ந்தது.

"என்னா டெய்லர் தம்பி, காப்பி பிடிக்கலையா, கை பிடிக்கலையா?" என்றார் பாய்.

சொன்னேன். அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. என் விரல்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார். "கத்திரி பிடிக்கிற கை இது. ஊர் சுத்தறேன்னு இதத் தொலச்சிட்டுப் போயி வீட்ல என்னா சொல்லுவ? பினாங்கும் வேணாம், ஒண்ணும் வேணாம். நாளைக்கு பஸ் ஏத்தி விடறேன், மூவார் போயி சேரு."

மறுத்துப் பேச வாயெடுத்தேன். எனக்கே பயமாக இருந்தது. வீட்டில் மூன்று உயிர்களுக்கு இந்தக் கை சோறு போடுகிறது. அன்று இரவு பாய் கடை மாடியில் படுத்து, இரண்டு விரல்களையும் தேய்த்துக்கொண்டே தூங்கிப்போனேன்.

வெள்ளிக்கிழமை, காலை ஏழரை மணி. விரல்களில் பாதி உணர்ச்சி திரும்பியிருந்தது. பாய் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "உன் மூஞ்சியப் பாத்தா பஸ்ஸுல ஏறுற மூஞ்சியா தெரியல. சரி லா, சைக்கிள் ரிப்பேர் பாக்கற ஆறுமுகத்துக்கிட்ட காட்டுவோம். அவனும் முடியாதுன்னா நேரா பஸ் ஸ்டேண்டு" என்றார்.

கடைத்தெருவிலிருந்து காஜா பெராங் ஒன்றரை மைல் இருக்கும். அங்கே கம்போங் செட்டி, மலாக்கா செட்டிமார் குடியிருப்பு. சின்னச் சின்னக் குடும்பக் கோயில்கள், பழைய பலகை வீடுகள், வாசல் நிலையில் மாவிலைத் தோரணம். ஆறுமுகம் வீட்டு வாசலில் ஒரு ரம்புத்தான் மரம். அதன் கிளையில் சைக்கிளைக் கயிறு போட்டுத் தொங்கவிட்டுத்தான் அவர் வேலை பார்ப்பார். நெற்றி நிறைய விபூதி. பார்த்த மகிழ்ச்சியில் என் பயணம், கேரியர், விரல், வீட்டு நிலவரம் எல்லாவற்றையும் தமிழில் கொட்டித் தீர்த்தேன். அவர் மரியாதையாகக் கடைசி வரைக்கும் கேட்டுவிட்டுப் பாயைப் பார்த்தார். பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"மூச்சு வாங்கிக்க தம்பி. செட்டிமாருக்கு சாமி உங்க சாமி, பேச்சு மலாய்ப் பேச்சு. இத்தன நேரம் நீ பேசினது அந்த மரத்துக்குத்தான்."

பிறகு மலாயில் சொன்னேன். ஆறுமுகத்தின் மலாயும் மூவார் மலாயும் ஒன்றல்ல. அதில் நடுநடுவே நம் சொற்கள் எட்டிப் பார்க்கும். அவர் சொன்னதை, அண்ணன் என்று பொருள்படும் 'அபாங்'கை மட்டும் அப்படியே விட்டு, இங்கே தமிழில் தருகிறேன்.

"வாங்க, அபாங், உக்காருங்க. சைக்கிள் மேல தப்பு இல்ல. நீங்க அத மாடு மாதிரி கொம்புல பிடிச்சுத் தொங்கறீங்க. பாரத்தப் பின்னால தள்ளணும், கொம்பத் தூக்கணும்." மூன்று மணிக்குள் முடிக்க வேண்டும் என்றும் சொன்னார். அன்று அவர்கள் வீட்டில் பார்ச்சு. பழம் காய்க்கும் பருவத்தில் முன்னோருக்குப் பழமும் சோறும் இலைபோட்டுப் படைக்கிற நாள். படைப்பதற்கு முன்னால் வீட்டில் யாரும் அதில் ஒரு சுளைகூட வாயில் வைக்க மாட்டார்கள்.

வேலை மளமளவென்று நடந்தது. ஹேண்டில் பார் இரண்டு விரற்கடை உயர்ந்தது. மூக்கு கீழே சாய்ந்திருந்த சீட் சமமானது. அதுவரை நான் முன்னால் வழுக்கி வழுக்கி, கையால் என்னையே தாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். ஒரு பழைய இரும்புக் கட்டிலின் கம்பியை வளைத்துப் புதுக் கேரியர் செய்தார் ஆறுமுகம். நாலு முட்டுக்கம்பி பின்சக்கரத்து அச்சுவரை இறங்கின. பை சக்கரத்தில் போய் விழாமலிருக்க இரண்டு பக்கமும் ஒரு சட்டம். கித்தான் துணியில் இரண்டு பைகள் வெட்டினேன். நான் ஒன்று தைக்க, ஆறுமுகத்தின் மனைவி மீனாட்சி அக்கா இன்னொன்று தைத்தார். மலாய்ப் பெண்களைப்போல் கெபாயாச் சட்டையும் சாரோங்கும், கழுத்தில் தாலி. சமையலுக்கு நடுவில் வந்து வந்து தைத்தும், என்னுடையதற்கு முன்னால் அவருடையது முடிந்துவிட்டது. "மூவார் தையற்காரர் கூலிக்குத்தான் வேகமாகத் தைப்பாரோ?" என்று ஒரு குத்து வேறு.

பன்னிரண்டரைக்குப் பாய் ஜும்மாவுக்குப் புறப்பட்டார். "நான் வரதுக்குள்ள நீங்க ரெண்டு பேரும் சேந்து ஒண்ணும் ஒடச்சி வக்காதீங்க" என்றார்.

மீதி இருந்தது கைப்பிடி. என் சைக்கிளில் இருந்தது கல்போல் இறுகிப்போன பழைய ரப்பர். தலையணையில் இருந்து இலவம்பஞ்சு எடுத்துச் சுற்றி, மேலே டியூப் ரப்பரை இழுத்துக் கட்டினால் மெத்தென்று இருக்கும் என்றேன். ஆறுமுகம் துள்ளிக் குதித்தார். போட்டி போட்டுக்கொண்டு பஞ்சை வைத்தோம். கொஞ்சம் வைத்தால் நல்லது, நிறைய வைத்தால் ரொம்ப நல்லது என்பது எங்கள் இருவர் புத்தியும். முடிந்தபோது ஹேண்டில் பாரின் இரு முனையிலும் இரண்டு பலாப்பிஞ்சு காய்த்ததுபோல் இருந்தது. ஆனால் பிடித்தால், ஆகா, பூனைக்குட்டியைத் தடவுகிற சுகம்!

என் சைக்கிளில் பிரேக் கம்பி கைப்பிடிக்கு அடியிலேயே ஓடுகிறது. விரலால் அதை மேலே இழுத்தால்தான் பிரேக் பிடிக்கும். மேலே இழுக்க இடம் வேண்டுமே! அந்த இடத்தைப் பஞ்சு பிடித்துக்கொண்டது எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

கோயில் பக்கத்து மேட்டிலிருந்து ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். வீட்டு வாசலுக்கு வரும்போது பிரேக்கை இழுத்தேன். அது பஞ்சில் போய்ப் படுத்துக்கொண்டது. "துங்கு! துங்கு!" என்று, நில், நில் என்று மலாயில் ஆறுமுகம் கத்துகிறார். நிற்கச் சொன்னால் நிற்க நான் என்ன, நடந்தா வருகிறேன்? படைப்புக்காகக் கழுவி வாசற்படியில் வைத்திருந்த இரண்டு பிரம்புக் கூடைகளின்மேல் போய் விழுந்தேன். மங்குஸ்தானும் லங்சாட்டும் சாக்கடை வரைக்கும் உருண்டன. ஒரு டுரியான் பிளந்துகொண்டது. எனக்குக் காயமில்லை.

மீனாட்சி அக்கா வாசலில் வந்து நின்றார். நான் எழுந்திருக்கவே இல்லை. வேற்றூர்க்காரனை நம்பி வீட்டில் விட்டதற்கு, அவர்கள் பெரியவர்களின் சாப்பாட்டைத் தரையில் கொட்டிவிட்டேன். விழுந்த பழத்தை இனிப் படைக்க முடியாது. பழமில்லாமல் இந்தப் பார்ச்சுவே இல்லை. மணி இரண்டு.

அவர் கீழே உருண்ட ஒரு மங்குஸ்தானை எடுத்துத் துடைத்து, உடைத்து, என் கையில் வைத்தார். "பெரியவங்களுக்கு ஆகாதது நமக்கு ஆகும். சாப்பிடுங்க. சாப்பிட்டு செங் போயிட்டு வாங்க. என் தம்பி தோட்டம் அங்க இருக்கு. உங்க கேரியர் கூடையத் தாங்குதா இல்லையான்னும் தெரிஞ்சிடும்."

ஆறுமுகமும் நானும் கைப்பிடியைப் பிரித்தோம். இந்தமுறை உள்ளங்கையின் மேடு படுகிற மேல்பக்கத்தில் மட்டும் பிறை வடிவில் கொஞ்சம் பஞ்சு; விரல் மடிகிற அடிப்பக்கம் வெறும் ரப்பர். டியூபை வெட்டி இழுத்துச் சுற்றி, தையல் நூலை மெழுகில் தோய்த்து இறுக்கிக் கட்டினேன். பிரேக்கைப் பத்து முறை இழுத்துப் பார்த்தோம். பிடித்தது.

காஜா பெராங்கிலிருந்து செங் போக நாலரை மைல்; ரப்பர் தோட்டமும் பழத்தோட்டமும் மாறி மாறி வருகிற ரோடு. போகும்போது வெறும் கூடை. திரும்பும்போது கேரியரில் இரண்டு கூடை, பக்கப் பைகளில் டுரியான், எல்லாம் சேர்த்து மூவாரிலிருந்து நான் சுமந்து வந்ததைப்போல் இரண்டு மடங்கு. பாதி வழியில்தான் கையைப் பற்றி நினைத்தேன். நிறுத்தி, சுண்டு விரலைக் கடித்துப் பார்த்தேன். வலித்தது! ரோட்டோரத்தில் தனியாக நின்று, கடிபட்ட விரலை வைத்துக்கொண்டு அப்படிச் சிரித்தவன் நானாகத்தான் இருப்பேன்.

மணி நாலேகால். இலைகள் போட்டாகிவிட்டது. நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு, மீன் குழம்பு, கோழிக்கறி, வாழைப்பழம். காலியாக இருந்த இடத்தில் நான் கொண்டுவந்த பழங்களை அக்கா அடுக்கினார். திரும்பி வந்திருந்த பாய் கூடத்துக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஆறுமுகம் சாம்பிராணி போட்டு, முன்னோரைப் பேர் சொல்லி அழைத்தார். முத்தையா, சின்னம்மா, நாகப்பன். பேரெல்லாம் நம் பேர், அழைக்கிற பேச்சு மலாய். திடீரென்று நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"அபாங், பல தலைமுறைக்கு முன்னால கப்பல்ல வந்தவங்களுக்கு உங்க பேச்சுத்தான் தெரியும். எங்களுக்கு அது வாயில வராது. ஏன் லேட்டாச்சுன்னு நீங்களே சொல்லிடுங்க."

காலையில் மரத்தோடு பேசியவன், இப்போது இலைகளுக்கு முன்னால் கைகூப்பி நின்றேன். "ஐயா, அம்மா, தாமதம் என்னாலதான். உங்க பிள்ளைங்க மேல குத்தம் இல்ல. பழம் செங்குலேருந்து புதுசா வந்திருக்கு. வந்து வயிறார சாப்பிடுங்க. என்னையும் இந்த வீட்ல ஒருத்தனா வச்சுக்கிட்டாங்க, அதுக்கு உங்களுக்கும் கும்பிடு."

பெரியவர்கள் சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே வந்து நின்றோம். பாய் என் காதருகே, "அப்ப பஸ் டிக்கெட்டு எடுக்க வேணாம்ங்கற" என்றார்.

சனிக்கிழமை, காலை ஆறரை மணி. ஆறுமுகம் எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. அவருடைய இரண்டு கால்சட்டைக்கு ஒட்டுப் போட்டுக் கொடுத்ததோடு சரி என்றார். மலாக்காவிலிருந்து அலோர் காஜா பதினைந்து மைல், தம்பின் இருபத்து நாலு. இந்த மாநிலத்துக்குள் அவசரகாலக் கெடுபிடி ஓய்ந்து சில வருஷமாகிறது. எல்லையில் மட்டும் போலீஸ் சாவடி. காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போகிறதா என்று பார்ப்பார்கள்.

பத்து மணிக்கு அந்தச் சாவடியில் ஓர் இளம் மலாய்க் கான்ஸ்டபிள் என்னை நிறுத்தினார். பைகளைத் துழாவினார், கத்திரியைப் பார்த்தார், இஸ்திரிப் பெட்டியைத் திறந்து முகர்ந்தார். கடைசியில் அவர் கண் கைப்பிடியில் நின்றது. மேல்பக்கம் புடைத்திருக்கிறதே, உள்ளே என்ன?

"காபோக், துவான். பஞ்சு" என்றேன்.

நம்பவில்லை. அமுக்கினார். அரிசி நெருடவில்லை. இன்னொருமுறை அமுக்கினார். பிறகு துப்பாக்கியைத் தோளுக்குத் தள்ளிவிட்டு, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஓட்டுகிறவர்போல் முன்னும் பின்னும் ஆடிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"சேடாப்!" என்றார், சுகமாக இருக்கிறது என்று. "யார் செய்தது?"

அரை நாள் பேசிச் சொல்ல வேண்டிய பதில் அது. பின்னால் ஒரு லாரி வேறு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

"சௌடாரா சாயா, துவான்" என்றேன். "என் சொந்தக்காரர்கள். காஜா பெராங்கில் இருக்கிறார்கள்."

அவர் சாவடியின் குறுக்குக் கம்பத்தைத் தூக்கினார். நான் பத்து விரல்களாலும் பிடித்துக்கொண்டு தம்பினை நோக்கி மிதித்தேன்.