விசேஷ வீட்டுக்கு முதல் குடம்

இரண்டு வருடங்களுக்கு முன், தீபாவளி முடிந்த கையோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மலேசியாவில், கோலசிலாங்கூரில் நாங்கள் குடியிருக்கும் தாமானில், அதாவது வீடமைப்புக் குடியிருப்பில், நடந்தது இது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கைகால் பரபரக்கும்!

நான் விருதுநகர் பக்கத்துப் பெண். கல்யாணமாகி இங்கே வந்தேன். கணவர் இந்த ஊர்க்காரர், செம்பனை எண்ணெய் ஆலையில் மெக்கானிக். வந்த அன்று காலையில் குழாயைத் திறந்தேன், தண்ணீர் கொட்டியது. மத்தியானம் திறந்தேன், கொட்டியது. ராத்திரி தூக்கத்திலிருந்து எழுந்து போய்த் திறந்து பார்த்தேன், அப்போதும் கொட்டியது! அடேயப்பா, இது வீடா அருவியா என்று எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

எதிர்வீட்டு அக்கா கார் கழுவும்போது ரப்பர் குழாயைத் தரையில் ஓடவிட்டுப் போனில் பேசிக்கொண்டிருப்பார். நான் ஓடிப்போய் மூடிவிட்டு வருவேன். "தண்ணி போலீஸ் வந்துட்டாங்க லா!" என்று தெருவே கிண்டலடிக்கும். சீர்வரிசை எவர்சில்வர் குடத்தை விமானத்தில் தூக்கி வந்ததற்குக் கணவர் செய்த கேலி தனி. தெருக்குழாயடியில் குடத்தோடு நின்று வளர்ந்தவள் நான் என்பதை மட்டும் அக்கம்பக்கத்தில் யாரிடமும் சொன்னதில்லை. கௌரவக் குறைச்சலாக இருந்தது.

அந்த ஞாயிறு, எதிர்வீட்டு அக்கா மகளுக்கு வளைகாப்பு. பல வருடம் ஏங்கி உண்டான பிள்ளை. அவளுக்கு ரத்த அழுத்தம் ஏறிவிட்டதால் மறுநாளே மருத்துவமனையில் வந்து படுக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். அன்றைக்கு விட்டால் அந்தப் பெண்ணுக்கு வளைகாப்பே கிடையாது. பந்தல் போட்டாயிற்று, சமையல்காரர் அண்டாக்களோடு வந்து இறங்கிவிட்டார். விடிந்ததும் குழாயைத் திறந்தால் வெறும் காற்று! எங்கோ பெரிய குழாய் உடைந்து வட்டாரம் முழுக்கத் தண்ணீர் இல்லை.

அக்கா வாசலிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டார். "அரிசி களையக்கூட தண்ணி இல்ல தங்கச்சி. எல்லாரையும் வர வேணாம்னு சொல்லிடலாம் லா." பின்னால் நின்ற மகள் என்னையே பார்த்தாள்.

எனக்குள் என்ன புகுந்ததோ! "அழாதீங்கக்கா, அடுப்ப மூட்டச் சொல்லுங்க" என்றேன். பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு என் குடத்தை எடுத்தேன்.

திடல் ஓரத்தில் தண்ணீர் லோரி வந்து நின்றது. அங்கே ஒரே கூத்து! ஆளாளுக்கு வாளியும் பாட்டிலுமாக மொய்க்க, பாதித் தண்ணீர் தரையில் போகிறது. இவர்களுக்குத் தண்ணீருக்கு நிற்கத் தெரியவில்லை. பாவம், நின்றதே இல்லையே! "மனுசங்க தள்ளி நில்லுங்க, வாளிங்க மட்டும் வரிசையில நிக்கட்டும்!" என்று ஒரு சத்தம் போட்டேன். அசல் குழாயடிக் குரல், எங்கே ஒளிந்திருந்ததோ தெரியவில்லை. சிரித்துக்கொண்டே வாளிகளை அடுக்கினார்கள்.

அப்போதுதான் எங்கள் தெரு வழக்கம் ஞாபகம் வந்தது. குழாயடியில் எத்தனை சண்டை போட்டாலும், ஒரு வீட்டில் விசேஷம் என்றால் ஒவ்வொரு வீடும் தன் முதல் குடத்தை அங்கே கொண்டுபோய் ஊற்றிவிடும். யாரும் கேட்கவே வேண்டாம். அதைத் தமிழில் சொன்னேன். மலாய்க்காரர்களிடம் விருந்து என்பதற்குத் தெரிந்த ஒரே வார்த்தையான "கெண்டுரி, கெண்டுரி" என்று பந்தலைக் காட்டினேன். யாரும் அசையவில்லை. எனக்கு முகம் சுட்டது. இவர்கள் வீட்டிலும் குழந்தை குட்டி இருக்கிறதே, அவசரப்பட்டு வாயை விட்டுவிட்டோமே!

பக்கத்து வீட்டு மலாய் அக்காதான் முதலில் நகர்ந்தார். "பேபி?" என்று தன் வயிற்றைத் தடவிக் காட்டிக் கேட்டார். தலையாட்டினேன். நிரம்பிய வாளியைத் தூக்கிக்கொண்டு நேராக எதிர்வீட்டுக்கு நடந்தார். அவர் பின்னாலேயே சீன அங்கிள் மோட்டார் சைக்கிளில் ஒரு வாளியைத் தொங்கவிட்டுக்கொண்டு போனார். அவ்வளவுதான், வரிசை மொத்தமும் பந்தல் பக்கம் திரும்பியது. ஒரு வீடு பாக்கியில்லை! அண்டா வழிந்தபோது சமையல்காரர், "போதும்மா, போதும்! சோறு பொங்கவா, கஞ்சி காய்ச்சவா?" என்று கத்தினார்.

மதியம் அந்தப் பெண் கை நிறைய வளையலோடு மணையில் உட்கார்ந்திருந்தாள். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இதெல்லாம் எங்க லா கத்துக்கிட்டீங்க?" என்றார். பந்தலில் அத்தனை பேரும் பார்க்க, "எங்க ஊரு தெருக்குழாயடியிலக்கா!" என்றேன். சொன்னதும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சந்தோஷத்தில் வந்த அழுகைதான்.

சாயங்காலம் குழாய்கள் புஸ் புஸ்ஸென்று காற்றைக் கக்கிவிட்டுத் தண்ணீரைக் கொட்டியபோது தெருவே கைதட்டியது! எதிர்வீட்டு அக்கா குழாய்க்கு அடியில் கையை நீட்டியபடி நெடுநேரம் நின்றார். இப்போதெல்லாம் கார் கழுவ அவர் ஒரு வாளிதான் வைத்துக்கொள்கிறார். நல்லபடியாகப் பிறந்த பேத்தி அந்த வாளியில்தான் கையைவிட்டு அளைகிறாள்.

நான் வெட்கப்பட்ட அந்தத் தெருக்குழாயை நன்றியோடு நினைக்க, நிற்காமல் தண்ணீர் கொட்டும் ஒரு நாட்டுக்கு வரவேண்டியிருந்தது. இன்றும் காலையில் என் எவர்சில்வர் குடத்தைத்தான் முதலில் நிரப்புகிறேன், அது எங்கள் வீட்டுக்கானது இல்லை, யார் வீட்டு விசேஷத்துக்கோ உரியது என்ற நினைப்போடு.