இடது காலின் சத்தம்

வியாழக்கிழமை காலை ஐந்து நாற்பதுக்கு அந்தச் சத்தம் குறைந்தது. மகள் ஹாலில் ஆடிக்கொண்டிருந்தாள். நான் சுவரோரம் சப்பணமிட்டு உட்கார்ந்து தட்டுக்கழியால் தாளம் போட்டுக்கொண்டிருந்தேன். வலது கால் விழுந்தபோது தரை அதிர்ந்தது. இடது கால் விழுந்தபோது ஈரத்துணியைக் கீழே வைத்தது போல் இருந்தது.

“இடது கால் கேக்கலையேம்மா.”

“வலிக்குதுப்பா.”

“உடம்பு சூடு ஏறினா சரியாயிடும். மூணாங்காலம் போலாம்.”

மூன்றாம் காலம் என்றால் முதல் காலத்தைவிட நான்கு மடங்கு வேகம். அவள் ஆடினாள். கல்லூரியில் சேர்ந்து அப்போது மூன்று மாதம்கூட நிறையவில்லை.

நான் பள்ளியில் கணக்கு வாத்தியார். எனக்கு ஆடத் தெரியாது, எண்ணத் தெரியும். ஏழு வயதிலிருந்து அவளுடைய வீட்டுப் பயிற்சிக்குத் தாளம் போட்டவன் நான்தான். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீடு இரண்டாவது மாடியில். “சார், உங்க பொண்ணு தட்டுனா எங்க வீட்டு ஃபேன் தானா ஆடுது, சுவிட்சே போட வேண்டாம்” என்பார் கீழ்வீட்டுக்காரர். அவர் சொன்னது புகார். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

திருச்சியில் ஒரு கல்லூரியில் பரதநாட்டியப் பட்டப்படிப்பில் சேர்த்தோம். முதல் வாரமே ஆசிரியை எல்லாரையும் முதல் அடவிலிருந்து, கால் தட்டும் அடிப்படைப் பாடத்திலிருந்தே, தொடங்கச் சொன்னார். பத்தாம் வகுப்பிலேயே அரங்கேற்றம் முடித்தவள், சலங்கையே கட்டியிராத பிள்ளைகளோடு வரிசையில் நின்றாள். அவளுக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, அரங்கேற்ற ஆல்பத்தைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஆசிரியை என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். பொறுமையாகப் புரட்டினார்.

“படமெல்லாம் நல்லா எடுத்திருக்காங்க சார். ஆனா முட்டி மடக்கி நிக்கிற இந்த அரைமண்டியைப் பாருங்க. முட்டி பாதத்துக்கு நேரா இல்ல, உள்ள விழுது. சத்தம் வரணும்னே தட்டிப் பழகியிருக்கு பிள்ளை. கொஞ்ச நாள் மெல்லத் தட்டட்டும். இல்லேன்னா கால் தாங்காதுங்க.”

அவர் சொன்னது என் காதில் ஏறவில்லை. பாதியிலேயே ஆல்பத்தை மூடிவிட்டார் என்பது மட்டும்தான் மனதில் நின்றது. நேரே துறைத் தலைவரிடம் போய் வாதாடினேன். அவர் கேட்டுக் களைத்துப்போய், இரண்டாம் ஆண்டு மாணவிகளின் குழு நடனத்தில் இவளையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். திரும்பும் வழியில் மலைக்கோட்டைக் கடைத்தெருவில் இறங்கி, பயிற்சிக்கு ஒரு புதுப் புடவை வாங்கி வந்தேன். மகள் அதைப் பிரிக்கவில்லை.

“யாருப்பா உங்களைப் போகச் சொன்னா?” என்றாள்.

அதன்பிறகு பகலில் முதலாண்டு வகுப்பு, மாலையில் சீனியர்களோடு ஒத்திகை, விடியலில் என் தாளம். கால் வீங்கியபோது மருந்துக் கடையில் மாத்திரை கேட்டு வாங்கிக் கொடுத்தேன். கிரேப் பேண்டேஜை நானே சுற்றிவிட்டேன். அந்த வியாழக்கிழமைக்கு ஐந்தாம் நாள் ஒத்திகையில் குதித்து இறங்கியவளால் எழுந்திருக்க முடியவில்லை.

தில்லைநகரில் எலும்பு மருத்துவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“வலி எத்தனை நாளா இருக்கு?”

“நேத்துலேருந்துதான் டாக்டர்” என்றேன் நான். “மூணு வாரமா” என்றாள் அவள். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன.

“நான் உங்களைக் கேக்கல சார்” என்றார் மருத்துவர்.

கணுக்காலுக்கு மேலே எலும்பில் மெல்லிய விரிசல். தொடர்ந்து தட்டித் தட்டியே வந்தது. மாத்திரை வலியை மறைத்ததால் விரிசல் நீண்டுவிட்டது. மாவுக்கட்டு. காலைத் தரையில் ஊன்றவே கூடாது. மறுபடி ஆட முடியுமா என்று என் மனைவி கேட்டாள். “முதல்ல சேரட்டும்மா” என்றார்.

அன்றிலிருந்து மகள் என்னிடம் பேசவில்லை. வேண்டியதை அம்மாவிடம் சொல்வாள். கட்டோடு கல்லூரிக்குப் போனாள். வகுப்பில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மற்றவர்கள் அடவு செய்வதைப் பார்த்தாள். யாருடைய முட்டி எங்கே விழுகிறது என்று எழுதி வைத்துக்கொண்டாளாம்.

ஐப்பசி மழை பெய்த ஒரு மாலை, அவள் அறைக் கதவு சற்றுத் திறந்திருந்தது. தலையணைமேல் காலை நீட்டிக் கண்ணாடி முன் உட்கார்ந்திருந்தாள். தாளம் இல்லை, தாளத்துக்குச் சொல்லும் சொல்கட்டு இல்லை. முகமும் கையும் மட்டும்தான் ஆடின. யாருக்காகவோ காத்திருக்கும் ஒரு பெண் கதவைத் திறந்து பார்க்கிறாள், மூடுகிறாள், மறுபடி திறக்க எழும் கை பாதியில் நின்றுவிடுகிறது. பதினோரு வருடம் நான் அவள் எதிரே உட்கார்ந்து பாதங்களைத்தான் பார்த்திருக்கிறேன். அந்த முகத்தை எனக்குத் தெரியாது. என்னைக் கண்டதும் கையைக் கீழே போட்டுவிட்டாள்.

செமஸ்டர் செய்முறைத் தேர்வுக்கு, “அவர் வர வேண்டாம்னு சொல்லும்மா” என்று எனக்குக் கேட்கும்படியே சொல்லிவிட்டு, ஊன்றுகோலோடு ஆட்டோவில் தனியாகப் போனாள். கட்டோடு வருபவளைச் சேர்த்துக்கொள்வதா, செமஸ்டரை விட்டுவிடச் சொல்வதா என்பது வெளியிலிருந்து வரும் தேர்வாளர் கையில் இருந்தது. பத்து மணியிலிருந்து அவள் போன் அணைந்திருந்தது. நான் பால்கனியில் நின்றேன். மனைவி போட்ட சாப்பாடு ஆறிப்போனது. “நின்னா மட்டும் சீக்கிரம் வந்துடுவாளா?” என்றாள் அவள்.

நாலேகாலுக்கு ஆட்டோ வந்தது. இரண்டு மாடியையும் ஒவ்வொரு படியாக ஏறி வந்தாள். கை கொடுக்கப் போன என்னை விலக்கவில்லை; பிடித்துக்கொள்ளவும் இல்லை. உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். பிறகு, பல வாரங்களுக்குப் பின், என்னிடம் நேராகப் பேசினாள்.

“அடவுக்கு மார்க் போடல. கால் சேர்ந்தப்புறம் தனியா செஞ்சு காட்டணும். இன்னைக்கு உக்காந்தபடி அபிநயம் மட்டும்தான். ரெண்டு தடவை பண்ணச் சொன்னாங்க.”

“ஏம்மா, தப்பாயிடுச்சா?”

டம்ளரைக் கீழே வைத்தாள். “இல்லப்பா. இன்னொரு தடவை பாக்கணும்போல இருந்துச்சாம் அவங்களுக்கு.”

பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“ஹாஸ்டல் ஃபார்ம். அடுத்த செமஸ்டர் அங்கயே இருந்துக்கறேன். இங்க இருந்தா, வலிச்சாலும் நீங்க கேக்கணும்னு தட்டுவேன். கையெழுத்துப் போடுங்கப்பா.”