ஓட்டை டின்னும் வெள்ளைச் சோஸும்

எங்கள் வீட்டு அடுப்படிச் சுவரில் ஓர் ஓட்டை டின் தொங்கிக்கொண்டிருந்தது. கெட்டிப்பால் வந்த டின். வெள்ளைக்காரன் ஆட்சியில் வந்த அவசரகாலத்தில் பால் டின்னோ மீன் டின்னோ எது வாங்கினாலும், கடைக்காரரே ஆணியை வைத்து ஒரு தட்டுத் தட்டி ஓட்டை போட்டுத்தான் கையில் கொடுப்பார். ஓட்டை விழுந்த டின்னை, ஆயுதம் தூக்கிக் காட்டில் ஒளிந்திருப்பவர்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் கெட்டுப்போய்விடும் என்பது சர்க்காரின் யோசனை. எறும்பு ஏறுகிறது என்று தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயமே அந்த ஓட்டையைத் திட்டியது. என் அப்பா மட்டும் திட்டவில்லை. அவருக்கு அந்த ஓட்டையால் ஒரு காரியம் ஆகவேண்டியிருந்தது.

மலாக்காவில், செலண்டார் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டம். அப்பா அங்கே துரை பங்களாவில் சமையல்காரர். அம்மா பால்மரம் வெட்டுகிறவள். எனக்கு வயது எட்டு. துரைக்கு வறுத்த மீன் வைத்தால் பக்கத்தில் ஒரு வெள்ளைச் சோஸ் இருந்தாகவேண்டும். முட்டையின் மஞ்சள் கருவில் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு அடித்துக்கொண்டே இருந்தால், தீயும் இல்லாமல் மாவும் இல்லாமல் அது தானாகத் தடித்து வெண்ணெய் மாதிரி நிற்கும். துரை வெளியே போய்விடும் ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா அதை எங்களுக்கும் செய்வார். பங்களாவில் அது முள்கரண்டியோடு போகும். லயத்தில் முள்கரண்டிக்கு எங்கே போவது? கோதுமை ரொட்டியை மெல்லிசாகச் சுட்டு, மீனை முள் எடுத்து உதிர்த்து உள்ளே வைத்து, வெள்ளரிக்காயும் வெங்காயமும் தூவி, மேலே சோஸை வழியவிட்டு, சுருட்டிக் கையில் கொடுத்துவிடுவார். எங்களுடையதில் மட்டும் சிலிப்பாடி மிளகாய் இரண்டு நசுங்கி விழும். "இதை துரை தின்னா அன்னைக்கே கப்பலேறிடுவாரு" என்பார்.

அந்த எண்ணெயைச் சொட்டவிடுவதற்குத்தான் ஓட்டை டின். அடியில் இருக்கும் ஓட்டையை விரலால் அடைத்துக்கொண்டு எண்ணெயை ஊற்றுவார். பிறகு விரலைக் கொஞ்சம் நகர்த்துவார். சொட்டு. மறுபடி அடைப்பார். அந்த விரலையே பார்த்துக்கொண்டு நான் பக்கத்தில் குந்தியிருப்பேன்.

பக்கத்து வீட்டில் ஒரு பெரியம்மா. உறவு ஒன்றும் கிடையாது. லயத்தில் மூத்த பெண்கள் எல்லாருமே பெரியம்மாதான். மங்குக் கிண்ணத்தில் இருக்கும் சோஸைப் பார்த்துவிட்டு, "என்னப்பா இது, புள்ளைங்களுக்குச் செரங்குக்குப் போடுற மருந்தாட்டம்" என்று மூக்கைச் சுளிப்பார். சுளித்த கையோடு மங்கை வழித்து நக்குவார். அவர் வாய் ஒரு பக்கம் போகும், கை ஒரு பக்கம் போகும்.

இப்படி இருக்கையில் ஒரு நாள் காட்டுக்குள் ராணுவம் பிடித்த ஒரு குடிசையில் சில டின்கள் அகப்பட்டன. ஓட்டை விழாத டின்கள். துரை பங்களாவுக்கு வந்தவை என்று சொன்னார்கள். பங்களா சாமான் அறைச் சாவி அப்பாவிடம் இருந்தது. அன்று மதியம் அப்பாவை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் கொடுத்தாரா, அவருக்குத் தெரியாமல் யாராவது எடுத்தார்களா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. வீட்டில் தொங்கிய ஓட்டை டின்னையும் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். ஓட்டை இருந்ததால் விட்டுவிட்டுப் போனார்கள்.

மூன்று மாதம் கழித்து, தோட்டத்துக் கணக்கு எழுதும் பெரிய கிராணி அம்மாவை ஆபீஸுக்குக் கூப்பிட்டு ஒரு காகிதத்தைப் படித்துக் காட்டினார். அப்பா பிறந்தது தமிழ்நாட்டில். ஆகவே அவரை அங்கேயே திருப்பி அனுப்பப் போகிறார்கள். குடும்பத்துக்கு இஷ்டம் இருந்தால் அதே கப்பலில் கூடப் போகலாம். போகிறோமா இருக்கிறோமா என்று அடுத்த திங்கட்கிழமைக்குள் கைநாட்டு வைக்கவேண்டும். அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை அவரை அடைத்துவைத்திருந்த முகாமுக்குப் போய் அவரைப் பார்த்துவரலாம்.

அம்மா பிறந்தது அதே தோட்டத்தில், நாங்கள் இருந்த வீட்டுக்கு நாலு வீடு தள்ளி. கப்பலை அவள் கண்ணால் பார்த்ததில்லை. லயத்தில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். "புருஷன் எங்கயோ அங்கதாண்டி நீயும். இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார் பெரியம்மா. முன்பு கங்காணியாக இருந்த மண்டோர் தாத்தா, "அங்க என்னத்த வெச்சிருக்கான்? சோத்துக்கு இல்லேன்னுதானே பத்து வயசுல இங்க ஓடியாந்தான்? பொட்டப்புள்ளைய இழுத்துக்கிட்டு அங்க போய் எங்க நிப்ப?" என்றார். அம்மா எல்லாருக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னாள்.

"அவரு வாயால கேட்டுக்கறேன். அவரு வான்னா வர்றேன், இருன்னா இருக்கேன்."

முகாமிலிருந்து விடுதலையாகி வந்த ஒருவர் மூலம் அப்பாவிடமிருந்து ஒரு சேதியும் வந்தது. வரும்போது மீனும் சோஸும் கிடைத்தால் கொண்டுவரவேண்டும், அவ்வளவுதான். அம்மாவுக்கு அது ஆச்சரியமாகத்தான் இருந்திருக்கும். தலைபோகிற விஷயம் நடக்கிறது, இந்த மனுஷன் சோஸ் கேட்கிறார். ஆனால் கேட்டுவிட்டாரே.

சிக்கல் என்னவென்றால், அம்மாவுக்கு அது செய்யத் தெரியாது. அப்பா அடுப்படியில் இறங்கினால் அவள் வெளியே வந்து தலை உலர்த்துவாள். வாரத்தில் அவளுக்குக் கிடைத்த ஓய்வே அந்த ஒரு மணி நேரம்தான். வீட்டில் அந்த வித்தையை முழுதும் பார்த்த ஒரே ஆள் நான். எனக்குத் தலைகால் புரியவில்லை. எட்டு வயதில் அம்மாவை வேலை வாங்குகிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

சனிக்கிழமை சாயங்காலம் சைக்கிளில் மீன் கொண்டுவரும் மலாய்க்காரரிடம், தோட்டத்தைச் சுற்றிப் போட்டிருந்த முள்வேலிக்கு இந்தப் பக்கம் நின்று ஒரு துண்டு தெங்கிரி வாங்கினோம். வஞ்சிரத்தைத்தான் அங்கே அப்படிச் சொல்வோம். ஞாயிறு விடிந்ததும் அம்மா அதை மஞ்சள் தடவி வறுத்தாள், ரேஷன் மாவில் ரொட்டி சுட்டாள். அடுத்தது என் ராஜ்யம்.

முதல் முட்டை வீணாய்ப் போயிற்று. பஸ்ஸுக்கு நேரமாகிறதே என்று அம்மா டின்னிலிருந்து விரலை மொத்தமாக எடுத்துவிட்டாள். எண்ணெய் கொட்டியது, கரு திரிந்து, எண்ணெய் தனியாக மஞ்சள் தனியாகப் பிரிந்து நின்றது. அம்மா மங்கைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கு இதெல்லாம் வராதுடி. எனக்கு மரம் வெட்டத்தான் தெரியும்."

"திரிஞ்சா பரவால்லம்மா. வேற மங்குல இன்னொரு மஞ்சக்கரு போடு. திரிஞ்சத அதுல சொட்டுச் சொட்டா விடணும். அப்பாவுக்கும் ஒரு தரம் திரிஞ்சுச்சு, இப்படித்தான் செஞ்சாரு."

அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு மங்கை இரண்டு முழங்காலுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு அடிக்க ஆரம்பித்தாள். டின்னை நான் பிடித்தேன். திரிந்ததை அதில் ஊற்றி, ஓட்டையில் விரலை வைத்து, சொட்டு, நிறுத்து, சொட்டு. பால்வாளி தூக்கிக் காய்த்த கை அவளுடையது, ஓயவே இல்லை. மெல்ல மெல்ல அது வெளுத்தது. தடித்தது. பூண்டு, உப்பு, சிலிப்பாடி, கடைசியில் லீமாவ் என்கிற சின்ன எலுமிச்சை ஒன்றைப் பிழிந்தோம். கரண்டியைத் தூக்கினால் சோஸ் விழாமல் நின்றது. அப்பா போன பிறகு அம்மா சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

தோட்டத்து வாசலில் காவலுக்கு நின்றவன் எங்கள் லயத்துப் பையன்தான். கிராணி கொடுத்த சீட்டைப் பார்த்தான், தூக்குச்சட்டியைத் திறந்து பார்த்தான்.

"இது நாளைக்கு நிக்குமாக்கா?"

"மத்தியானமே நிக்காது தம்பி."

"அப்போ போலாம். கெட்டுப்போறது போலாம்லா. கெடாததுதான் போகக்கூடாது."

பஸ்ஸில் ஒரே புழுக்கம். வழியில் இரண்டு இடத்தில் எல்லாரையும் இறக்கிச் சோதனை போட்டார்கள். மலாக்கா டவுனில் இறங்கி வேறு பஸ் பிடித்துக் கிளேபாங் தாண்டிப் போய்ச் சேர்ந்தபோது உச்சிவெயில். முகாம் வாசலில் ஒரு காவலர் தூக்குச்சட்டியைத் திறந்து, ரொட்டியைத் துண்டு துண்டாகக் கிழித்து, மீனை நசுக்கி, ஒரு சைக்கிள் கம்பியைச் சோஸுக்குள் விட்டுக் கலக்கினார். கடிதம் ஏதும் ஒளித்திருக்கிறோமா என்று. நான் ஓவென்று அழுதுவிட்டேன். உள்ளே எட்டிப் பார்த்தேன். வெயிலிலோ கம்பியிலோ, சோஸ் மறுபடி திரிந்திருந்தது. மேலே எண்ணெய் மிதந்தது.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அப்பாவைக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். தலையை ஒட்ட வெட்டியிருந்தார்கள். மீசை இல்லை. எங்களுக்குக் கால் மணி நேரம் என்று கடிகாரத்தைக் காட்டினார் காவலர். உணவை அவரே ஒரு தட்டில் கொட்டி அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்தார்.

அம்மா வலையைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தாள். "ஏங்க, கிராணி ஒரு காயிதம் படிச்சாரு. நாளைக்குள்ள சொல்லணுமாம். நாங்க..."

அப்பா அவளைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பாப்பா, சோஸ் யாரு செஞ்சது?"

கேட்க வேண்டுமா? அழுகையெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. மீன் வாங்கியதிலிருந்து தொடங்கினேன். மலாய்க்காரரின் சைக்கிள் மணி முதற்கொண்டு சொன்னேன்.

"அப்புறம்?" என்றார் அப்பா. கிழிந்த ரொட்டித் துண்டு ஒன்றை எடுத்து, மீனை வைத்து, திரிந்த சோஸில் தோய்த்து வாயில் போட்டார்.

ரொட்டி சுட்டதைச் சொன்னேன்.

"அப்புறம்?"

முதல் முட்டை கெட்டதைச் சொன்னேன். அம்மா மறுபடி, "ஏங்க" என்றாள். "இரும்மா, நான் சொல்லிக்கிட்டு இருக்கேன்ல" என்று அவளை அதட்டிவிட்டு மேலே போனேன். அம்மாவின் விரல்கள் வலைக்குள் அப்படியே இருந்தன.

"அப்புறம்? திரிஞ்சத என்ன செஞ்சீங்க?"

"இன்னொரு மஞ்சக்கரு போட்டோம். அம்மா அடிச்சாங்க. நான் டின்ன புடிச்சேன். தூக்கினா விழலப்பா, அப்படியே நின்னுச்சு! இங்க வந்துதான் திரிஞ்சுபோச்சு."

"திரியல. நல்லாத்தான் வந்திருக்கு" என்றார் அப்பா. தட்டில் இருந்த எண்ணெயைக்கூட ரொட்டியால் வழித்துத் தின்றார். எனக்கு ஒரு வாய் கொடுப்பார் என்று பார்த்தேன், கொடுக்கவில்லை. பிறகு தட்டைத் தள்ளி வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "ரெண்டு பேரும் சேர்ந்தே செஞ்சிட்டீங்க. நான் இல்லாமலே வந்துருச்சு, பாத்தியா."

அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தார். அம்மா அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை. மீதி இருந்த நேரத்துக்கும் நானேதான் பேசினேன். பெரியம்மா மங்கு நக்கியதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது காவலர் கைதட்டினார். அப்பா எழுந்து போனார்.

திரும்பி வரும் பஸ்ஸில், "நல்லா சொன்னேனாம்மா?" என்று கேட்டேன். அம்மா காலித் தூக்குச்சட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். "நல்லாச் சொன்ன" என்றாள்.

அப்பா கப்பலேறிப் போனபின் மூன்று கடிதங்கள் வந்தன. நான்காவதை எழுதியவர் அவருடைய தம்பி. அதெல்லாம் பிறகு.

திங்கட்கிழமை காலை மரம் வெட்டிவிட்டு, பால் வாளியோடு அம்மா நேராக ஆபீஸுக்கு வந்தாள். நான் அங்கே காத்திருந்தேன். பெரிய கிராணி காகிதத்தை எடுத்து வைத்து, மை டப்பாவைத் திறந்தார்.

"என்னம்மா, ஒம்புருஷன் என்ன சொன்னாரு?"

"இருக்கச் சொல்லிட்டாரு" என்றாள் அம்மா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மா பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. "அப்பா அப்படி ஒண்ணும் சொல்லலியே! நான்தான் பக்கத்துலயே இருந்தேனே. அவரு சோஸ் எப்படிச் செஞ்சீங்கன்னுதானே கேட்டாரு?" என்றேன். கிராணி என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். அம்மா என் கையைப் பிடித்து மெதுவாக அழுத்தினாள். மற்றக் கைப் பெருவிரலை மையில் தொட்டு, காகிதத்தில் வைத்தாள். ரப்பர்ப் பால் காய்ந்த விரல். ரேகை சரியாக விழவில்லை என்று கிராணி இன்னொரு தடவை வைக்கச் சொன்னார்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நான் யோசித்துக்கொண்டே வந்தேன். கால் மணி நேரமும் அங்கேதான் நின்றேன். அப்பா எப்போது சொன்னார்? கடைசியில் ஒருவாறு எனக்கு விளங்கியது. நான் அவ்வளவு சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தேன் அல்லவா, அதனால்தான் என் காதில் விழவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.