ஏப்ரல் பதிப்பும் ஒரு நன்றியுரையும்

கல்யாணமான வருஷம் நாங்கள் வாங்கிய முதல் பெரிய பொருள் கணினி. திருப்பாதிரிப்புலியூரில் வாடகை வீடு. கட்டில் வாங்குவதற்கு முன்னால் கம்ப்யூட்டர் வாங்கிய மாப்பிள்ளை என்று மாமியார் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார். திருட்டு சிடி எதையும் உள்ளே விட மாட்டேன் என்று அதில் உபுண்டு என்ற இலவச லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டேன். அண்ணாமலை நகரில் ஓர் ஆய்வகத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. அங்கே கற்ற லினக்ஸை மாவட்டம் முழுக்கப் பரப்பும் பொறுப்பு என் தலையில்தான் இருக்கிறது என்று நம்பிய காலம் அது. பரவியது என்னவோ எங்கள் வீட்டுக்குள் மட்டும்தான்.

அந்தக் கணினியில் என் மனைவி தன் எம்.ஃபில். ஆய்வேட்டைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். அவள் தேவனாம்பட்டினத்துப் பெண், அப்பா கடலுக்குப் போகிறவர். வாடை, கச்சான், கொண்டல் என்று கடற்கரையில் காற்றுகளுக்கு வழங்கும் பெயர்களைத்தான் ஆய்வுக்கு எடுத்திருந்தாள். அவர்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். ஏப்ரல் நான்காவது திங்கட்கிழமைக்குள் ஏட்டைக் கொடுக்காவிட்டால் அந்த வருஷமே வீண்.

மார்ச்சில் முதல் அத்தியாயத்தை அச்செடுத்தபோது வினை வந்தது. திரையில் தமிழ் நன்றாக இருந்தது, காகிதத்தில் வரிக்கு வரி வெறும் கட்டங்கள். எழுத்துருவின் குறையா, நான் பழையதாக வாங்கிய பிரிண்டரின் குறையா என்று இன்றுவரை தெரியாது. ஒரு வாரம் மல்லுக்கட்டிவிட்டுத் தோற்றேன்.

"டிடிபி கடையில குடுத்து அடிச்சிக்கலாமா மாமா?" என்று கேட்டாள்.

"அவுங்க வெச்சிருக்கிறது எல்லாம் திருட்டு சாஃப்ட்வேரு. நம்ம ஃபைல அங்க தொறந்தா எழுத்தே வராது. ஏப்ரல்ல புது வெர்ஷன் வருது, அதுல சரியாயிடும்."

அவள் பேசாமல் இருந்தாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு வசதியானபோதெல்லாம் அப்படித்தான் எடுத்துக்கொள்வேன்.

உபுண்டுவில் ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு வரும். இன்னும் எத்தனை நாள் என்று காட்டும் சின்னப் படம் ஒன்று இணையத்தில் இருந்தது. தினமும் காலையில் ஆய்வகத்துக்குப் போனதும் முதலில் அதைத்தான் பார்ப்பேன். மாலையில் சிதம்பரத்திலிருந்து பஸ் பிடித்து வீடு சேர்ந்தால் அவள் இருக்க மாட்டாள். நூலகத்திலிருந்து வர ஏழு மணி ஆகும் என்று சொல்லியிருந்தாள். நானே உலை வைத்துவிடுவேன். வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்பாள்.

"இன்னிக்கு எத்தினி நாளு மாமா?"

"பதினொண்ணு."

மறுநாள் பத்து. சொல்லும்போது எனக்கு முகமெல்லாம் சிரிப்பு. அவளுக்கு அந்த நாட்களில் தொண்டை கட்டியிருந்தது. வெயில் காலத்துப் புழுதி என்று நினைத்து மிளகும் மஞ்சளும் போட்டுப் பால் காய்ச்சிக் கொடுத்தேன்.

அந்த வியாழக்கிழமை புதிய பதிப்பு வந்தது. உலகமே ஒரே நேரத்தில் இறக்கியதால் ஆய்வக இணைப்பில் ஆமை வேகம். வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் இறங்கி முடிந்தது. ஒன்று கெட்டாலும் இருக்கட்டும் என்று இரண்டு சிடியில் எழுதி, சாப்பாட்டுப் பைக்குள் காலி டப்பாக்களுக்கு நடுவில் வைத்து, பஸ் ஆலப்பாக்கம் தாண்டும்வரை மடியை விட்டு இறக்கவில்லை.

சனிக்கிழமை காலையில் நிறுவினேன். பிரிண்டரும் ஒரு தடவை முனகிவிட்டுத் தயாரானது.

"எந்த அத்தியாயத்த போடலாம்?"

"ஒரு பக்கந்தான் மாமா இருக்கு. அத போடுங்க."

வெளியே வந்தது நன்றியுரை. ஒரு கட்டம்கூட இல்லை, முழுக்க முழுக்கத் தமிழ். துள்ளிக் குதிக்காத குறைதான். மிச்சத்தையும் ஒரே மூச்சில் போட்டுவிடலாம் என்றேன். அவள் பீரோவைத் திறந்து, புடவைகளுக்கு அடியிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்து என் கையில் வைத்தாள். ஏடு முழுவதும் அச்சாகியிருந்தது.

நூலகத்துக்குப் போகவே இல்லை. மூன்று வாரமாக ஒரு டிடிபி கடையில் உட்கார்ந்திருக்கிறாள். எங்கள் கோப்பு அங்கே திறக்காததால், கையெழுத்துப் பிரதியை இவள் வரி வரியாக வாசிக்க, கடைப் பெண் முதலிலிருந்து அடித்திருக்கிறாள். தொண்டை கட்டியது அதனால்தான்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "வராதுன்னு நெனச்சிட்டியா?"

"வரும்னு தெரியும். வந்து சரியா அடிக்கலன்னா நீங்க ஒடஞ்சி போயிடுவீங்களே."

"அப்ப தெனம் எத்தினி நாளுன்னு எதுக்குக் கேட்ட?"

"நீங்க சொல்றப்ப உங்க மூஞ்சி எப்டி இருந்துச்சி தெரியுமா? அதான் இந்த ஒரு பக்கத்த மட்டும் கடையில அடிக்காம வெச்சிருந்தேன்."

கையிலிருந்த பக்கத்தை அப்போதுதான் படித்தேன். ஆசிரியர், அப்பா, அம்மா, காற்றின் பெயர்களைச் சொன்ன மீனவர்கள். கடைசி வரியில், மாலைதோறும் உலை வைத்துக் காத்திருந்த என் கணவருக்கு. படித்துவிட்டு அவளைப் பார்க்க வெட்கமாக இருந்தது. எத்தனை நாள் என்று அவள் தினமும் கேட்டாள். எத்தனை பக்கம் முடிந்தது என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை நானும் விடுப்புப் போட்டுவிட்டு அவளோடு போய்க் கல்லூரி வாசலில் நின்றேன். ஏட்டைப் புரட்டிய அவள் ஆசிரியர், இந்த ஒரு பக்கத்தில் மட்டும் ஏன் எழுத்து வேறு மாதிரி இருக்கிறது, மாற்றிவிடலாமே என்றாராம்.

"அது எங்க வூட்டுல அடிச்சது சார். அப்டியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வந்தாளாம்.