ஆத்து மீனுக்கு ஆத்துத் தண்ணி

மீன் காட்சிக்கூடத்தில் தொட்டி கழுவுவது என் வேலை. ஒரு தொட்டியில் எங்கள் ஆத்து உயிர்கள் இருந்தன. விரால், கெளுத்தி, அயிரை, ஒரு ஆமை. 'இவை நம் தாமிரபரணியில் வாழ்பவை' என்று எழுதி ஒட்டியிருக்கும்.

குழாய்த் தண்ணீரில் கிருமி கொல்லும் குளோரின் மருந்து இருக்கும். அது போக இரண்டு நாள் திறந்து வைத்துத்தான் தொட்டியில் ஊற்றுவோம். போன கோடையில் குழாயில் தண்ணீர் வரவில்லை. ஆத்து மீனுக்கு ஆத்துத் தண்ணிதானே என்று ஆத்தூர்ப் பக்கம் ஆத்துக்கே போய் நாலு கேன் மொண்டு வந்து ஊற்றினேன். யாரையும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் மீனெல்லாம் வயிற்றைக் காட்டி மிதந்தது. ஆமை மட்டும் கல்லின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

மேனேஜர் அண்ணாச்சி சத்தம் போடவில்லை.

"ஏலே, மருந்து போட்டுத்தான் நாமளே அந்தத் தண்ணியக் குடிக்கோம். மீனு என்னல செய்யும்?" என்றார். பிறகு, "ஆமையையாவது கொண்டுபோய் ஆத்துல விட்டுட்டு வா" என்றார்.

வாளியில் வைத்துக் கொண்டுபோனேன். அன்றைக்குத் தண்ணீர் மொள்ளும்போது நான் கையால் ஒதுக்கிவிட்ட நுரை அதே இடத்தில் நின்றது.

ஆமையைத் தொட்டிக்கே திரும்பக் கொண்டுவந்தேன்.