மேடையில் கொடுத்த சாவி

நாமக்கல்லில் ஏறி, சேலம் போகும் பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும். வண்டி ஜன்னலில் வைத்தே ஓட்டியதுபோல வலது கை மட்டும் வெயிலில் நன்றாகக் கறுத்திருந்தது. ஓட்டுநர் கியர் மாற்றும்போதெல்லாம் இவருடைய இடது கால் தரையை அழுத்தியது.

"டிரைவருங்களா?" என்று கேட்டேன்.

"சொந்த லாரிங்க, நானேதான் ஓட்டுனேன். பழைய வண்டி பொகை கக்குது, அதை ஒடைக்கக் குடுத்தா கரண்டு வண்டி வாங்க மானியம் தர்றோம்னு அரசாங்கத்துல சொன்னாங்க. குடுத்துட்டேனுங்க."

"புது வண்டி வந்துச்சுங்களா?"

"மேடைக்குக் கூப்பிட்டு, மாலை போட்டு, சாவியக் கையில குடுத்துப் போட்டோ புடிச்சாங்க. கீழ எறங்குனதும் ஒரு ஆபீசர் வந்து, இது காட்சிக்கு நிறுத்துன வண்டிச் சாவிங்க, உங்களுக்கு மானியம் பின்னால வரும்னு வாங்கிட்டுப் போயிட்டாரு. இப்பக் கேட்டா அந்தத் திட்டமே முடிஞ்சு போச்சுங்கறாங்க."

அவரே தொடர்ந்தார்.

"அந்தப் போட்டோவை ஊட்டுல மாட்டி வெச்சிருக்குதுங்க எம் பொண்டாட்டி. கழட்டுன்னா கழட்ட மாட்டேங்குது. நீங்க சிரிச்சாப்பல இருக்கறது இது ஒண்ணுதானுங்குது."

கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஒரு கிடங்கில் மூட்டை தூக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, சேலத்தில் இறங்கிக் கூட்டத்தில் கலந்துவிட்டார்.

அந்தப் படத்தை நான் பார்த்ததில்லை. ஆனாலும் ஒரு மனிதரை அப்படிச் சிரிக்கவைத்துப் படம் பிடித்துக்கொண்டவர்கள்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.